வரி முடிவில் உடையும் சொற்கள்

பழைய புத்தகம் ஒன்றை மின்னூலாக்க உட்காருகிறவர்கள் முதல் பக்கத்திலேயே சந்திக்கிற சிக்கல் இது. வரியில் இடம் போதாமல் அச்சுக்கோப்பவர் உடைத்த சொல்லை என்ன செய்வது? ஆங்கிலத்தில் உடைந்த இடத்தில் ஹைஃபன் என்ற இணைப்புக்கோடாவது இருக்கும். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. சொல் பாதியில் நின்று அடுத்த வரியில் தொடரும்.

இன்று பலரும் மார்க்டவுன் போன்ற எளிய குறிமொழிகளில் நூல்களைச் சேமிக்கிறார்கள். ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுனில், பத்திக்கு நடுவே வரும் வரிமுடிவு திரையில் வெறும் இடைவெளியாகவே தெரியும். ஆகவே ஒரு வரி ‘பல’ என்று முடிந்து அடுத்த வரி ‘கை’ என்று தொடங்கினால் ‘பலகை’ போய் ‘பல கை’ வந்துவிடுகிறது. நம் கண் சமாளித்துக்கொள்ளும், கணினி சமாளிக்காது. தேடினால் சொல் கிடைக்காது. பார்வையற்றவர்களுக்காக நூலை வாசித்துக்காட்டும் மென்பொருள் இரண்டு சொல்லாக உச்சரிக்கும். சொல்லடைவு தயாரிப்பவருக்கு இல்லாத சொற்கள் முளைக்கும்.

குறிமொழிக்குள்ளேயே வழி இல்லையா என்று கேட்கலாம். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் மொழியில் வரிக்கடைசியில் ஒரு பின்சாய்கோடு இட்டால் இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொள்ளும். டெக் மொழியில் சதவீதக் குறி இதே வேலையைச் செய்யும். ஆனால் 2014-இல் வந்த காமன்மார்க்கில் அதே பின்சாய்கோட்டுக்குக் ‘கட்டாயம் வரியை உடை’ என்று பொருள். நேர் எதிர்! கோப்பு ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்தத் தந்திரங்கள் காலை வாரிவிடும். மூலத்திலேயே சொல்லைச் சேர்த்து எழுதிவிடுவதுதான் பத்திரம்.

சேர்ப்பதும் இயந்திர வேலை அல்ல. ஆங்கிலத்தில் ‘ரீகவர்’ என்றால் மீள்வது, நடுவே கோடு இருந்தால் மறுபடி மூடுவது. வரிக்கடைசியில் இருப்பது எந்தக் கோடு? 2000-இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் தன்னார்வலர்கள், ஐயம் இருந்தால் கோட்டுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியிட்டு அடுத்தவர் முடிவுக்கு விடுகிறார்கள். நல்ல வழக்கம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மொழிக்கு முதலில் எந்த எழுத்து வரும், இறுதியில் எது வரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதித்து வைத்திருக்கின்றன. நான் எழுதிய சிறு நிரல் அதைத்தான் பயன்படுத்துகிறது. புதிய வரி புள்ளியெழுத்திலோ, ண, ழ, ள, ற, ன வரிசை எழுத்திலோ தொடங்கினால் அது அநேகமாக முந்தைய சொல்லின் தொடர்ச்சி. வரி ‘ட்’ அல்லது ‘ற்’ என்று முடிந்தாலும் அப்படியே. ‘டிக்கெட்’ போன்ற பிறமொழிச் சொற்களும் ‘ன்னு’ போன்ற பேச்சுவழக்கும் விதிவிலக்குகள். க், ச், த், ப் மட்டும் உதவாது. ‘அதைக் கண்டான்’ என்ற சந்தியில் அவை சொல்லிறுதியில் முறையாகவே வருகின்றன.

இலக்கணம் கைவிடும் இடங்களில் அந்த நூலையே கேட்கலாம். சேர்த்த வடிவம் நூலின் வேறு வரிகளில் நடுவே வந்திருந்தால் சேர்க்கலாம். ‘அந்த’, ‘மான்’ என்று பிரிந்து நின்றால் அது தீவா, விலங்கா? அதை மனிதர்தான் படித்து முடிவு செய்யவேண்டும்.

செய்யுளில் மட்டும் நிரலை அண்டவிடக் கூடாது. வகையுளியில் சொல் சீருக்காகவே பிளக்கப்படுகிறது. அங்கே இடைவெளி சொல்லின் எல்லை அல்ல. வெண்பாவின் தனிச்சொல்லுக்கு முன் அச்சிடப்படும் சிறுகோடும் உடைந்த சொல்லின் அடையாளம் அல்ல. இரண்டையும் ‘திருத்தினால்’ யாப்பு போய்விடும்.

கடைசியாக ஒன்று. சேர்த்த பின் அச்சுநூலின் வரியமைப்பை மீட்க முடியாது. எனவே வரிக்கு வரி தட்டச்சு செய்த மூலக்கோப்பைத் தனியே பாதுகாத்து, அதன் நகலில் மட்டும் சொற்களைச் சேருங்கள். நாளை ஒருவர் மெய்ப்புப் பார்க்க அச்சுப்பக்கத்தையும் திரையையும் அருகருகே வைக்கும்போது அந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.