சங்கு ஊதிய பிறகு...

வட சென்னையில் ஒரு பழைய ஃபுட்பால் பிளேயரைச் சந்தித்தால், 'எத்தனை கோல் போட்டீங்க?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எந்த ஆபீஸுக்கு ஆடினீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் பேச்சை நிறுத்த முடியாது!

ஆபீஸா? கிளப் இல்லையா? என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. கொஞ்சம் பின்னால் போவோம்.

1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது. அதன்பின் வட சென்னையில் எழுந்ததெல்லாம் தொழிற்சாலைகள்தான். பெரம்பூரில் பக்கிங்ஹாம் - கர்னாடிக் மில் (ஜனங்கள் பாஷையில் 'பின்னி மில்'), திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955-ல் ஐ.சி.எஃப்... சங்கு ஊதினால் வேலை. மறுபடி ஊதினால் விடுதலை! உழைத்துக் களைத்தவனுக்கு மலிவான விளையாட்டு எது? ஒரே ஒரு பந்து. இருபத்திரண்டு பேர். முடிந்தது செலவு!

நன்றாக ஆடியவனுக்கு இன்னொரு கதவும் திறந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி என்று ஆளுக்கொரு டீம் வைத்திருந்தார்கள். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வில் உத்தியோகம்! காலால் பந்தை உதைத்தவன் கையால் சம்பளக் கவர் வாங்கினான். ஆட்டக்காரனின் ஆயுசு எவ்வளவு? முப்பத்தைந்து வயதில் கால் 'போதும்ப்பா' என்று சொல்லிவிடும். ஆபீஸ் சொல்லாது. ரிட்டயர்மென்ட் வரை ஒரு நாற்காலி உண்டு.

அதனால்தான் அந்தத் தலைமுறை டீம் மாறவில்லை. விசுவாசம் என்கிறோமே... அதில் பாதி நன்றி, மீதிப் பாதி பயம். டீமை விட்டால் வேலையும் போய்விடுமே! இதில் கேவலம் ஒன்றும் இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

இப்போது 1996-க்கு வாருங்கள். அந்த ஆண்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய பின்னி மில் நிரந்தரமாக மூடப்பட்டது. இரண்டு, தேசிய கால்பந்து லீக் ஆரம்பமானது. அதில் தமிழ்நாட்டிலிருந்து ஆடப் போனது யார் தெரியுமா? ஒரு வங்கி! இந்தியன் வங்கி. முதல் கோப்பையை ஜெயித்தது? பஞ்சாபின் ஜே.சி.டி. அதுவும் ஒரு மில் டீம்தான்! ஆனால், காலம் மாறியது. 2010-ல் மஹிந்திரா டீம் கலைந்தது. 2011-ல் அந்த ஜே.சி.டி.யும் போயிற்று. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. இனி உத்தியோகம் அல்ல, ஒப்பந்தம். காசு அதிகம்தான். ஆனால், நாற்காலி இல்லை!

வியாசர்பாடியின் தனபால் கணேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 13. நேரு ஸ்டேடியத்தில் அரையிறுதி. கோவாவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சி. அடித்த மூன்று கோல்களில் ஒன்று இவருடையது. சொந்த ஊர், சொந்த ஜனம்... கேட்க வேண்டுமா! நாலே நாளில் கோப்பையும் கைக்கு வந்தது. அடுத்த சீசன்? முழங்கால் காயம். வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தில் ஆடுகிறவனுக்கு முழங்கால்தான் பிராவிடண்ட் ஃபண்ட்!

'அப்போ ஆட்டம் முடிஞ்சா என்னதான் சார் வழி?' என்கிறீர்களா?

அதே வியாசர்பாடியில் ஒரு பதில் இருக்கிறது. மில் மூடிய மறு வருஷம், 1997-ல், உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு கால்பந்து ஆட்டக்காரர்கள் குடிசைப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பந்து ஆடச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். கட்டணம் கிடையாது. கூடவே படிப்பு. அமைப்பின் பெயரிலேயே விளையாட்டும் கல்வியும் சேர்ந்து இருக்கும். கால் நின்றுபோனாலும் கைவசம் ஏதாவது இருக்க வேண்டும் என்பது, ஆடிப் பார்த்தவர்களுக்குத்தானே தெரியும்! பத்திரிகைகள் இன்று அந்தப் பேட்டையை 'குட்டி பிரேசில்' என்கின்றன.

ஜெர்சியைக் கழற்றிய பிறகும் விசுவாசமாக இருக்க முடியும். டீமுக்கு அல்ல, தான் விழுந்து எழுந்த மண்ணுக்கு!

அடுத்த தடவை சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போனால் மைதானத்தின் ஓரமாகக் கொஞ்சம் நில்லுங்கள். எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள், கோட்டுக்கு வெளியே விசிலோடு நிற்கிற மனுஷனைப் பாருங்கள்.