பாதையை விழுங்கும் ஏரி

ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்றொரு சிறு நாடு உண்டு. அதன் தலைநகர் லியுப்லியானாவில் சைக்கிளுடன் ரயிலேறி, தென்மேற்கே ராக்கெக் என்ற சிறிய நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து அரைமணி நேரம் மிதித்தால் செர்க்னிட்சா என்ற ஊர். அதைத் தாண்டி ஒரு கிராமம். அதற்கப்பால் ஒரு சரளைப் பாதை. லாரி இல்லை, பஸ் இல்லை. சக்கரத்தின் கீழ் கல் நொறுங்கும் ஓசையும் பறவைகளின் குரலும்தான் துணை.

கோடை முடியும் நாட்களில் போனால், பாதையின் இருபுறமும் புல்வெளி பரந்து கிடக்கும். ஓதோக் என்ற கிராமம் வரை நிதானமாகச் சென்று சேரலாம். ஓதோக் என்றால் அந்நாட்டு மொழியில் தீவு என்று பொருள். தண்ணீரே இல்லாத இடத்தில் தீவு எப்படி வந்தது? மழைக்காலத்தில் மறுபடியும் அதே பாதையில் போய்ப் பாருங்கள். சிறிது தூரத்தில் பாதை தண்ணீருக்குள் இறங்கி மறைந்துவிடும். முன்பு நீங்கள் சைக்கிள் ஓட்டிய இடத்தில் இப்போது படகு விடவேண்டும்!

இதுதான் செர்க்னிட்சா ஏரி. நிறைந்திருக்கும்போது இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவும். பெருவெள்ளத்தில் 38 சதுர கிலோமீட்டர் வரை போவதுண்டு. வறண்டுவிட்டாலோ, ஸ்டர்ஷென் என்ற சிற்றாறும் சில குட்டைகளுமே மிச்சம். பலத்த மழை பெய்தால் இரண்டு மூன்று நாட்களில் நிரம்பிவிடும். வடிவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஒரே ஆண்டில் ஒரே நிலத்தில் மீன் பிடிக்கலாம், புல் அறுக்கலாம், வேட்டையும் ஆடலாம் என்பது அந்த ஊரின் பழம்பெருமை.

இந்த விந்தையை உலகறியச் செய்தவர் வால்வசோர். 1641இல் லியுப்லியானாவில் பிறந்த பிரபு, போர்வீரர், ஊர் சுற்றுவதில் தீராத ஆசை கொண்டவர். அப்போது அந்தப் பகுதிக்குக் கார்னியோலா என்று பெயர். ஏரியைப் பற்றி நெடுங்காலமாகப் பலரும் பலவாறு எழுதியிருந்தார்கள். வால்வசோரோ தாமே வந்து பார்த்தார். எந்தக் குழியில் தண்ணீர் இறங்குகிறது, எந்தக் குழியில் பொங்குகிறது என்று குறித்துக்கொண்டார். அவருடைய விவரத்தை லண்டன் ராயல் சொசைட்டி 1687இல் தன் இதழில் வெளியிட்டது. அதே ஆண்டில் அவரை உறுப்பினராகவும் ஏற்றது. அவர் பெயரை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? வால்மீன் புகழ் எட்மண்ட் ஹாலி! நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வை அச்சேற்றியதும் அதே ஹாலி; அதுவும் அதே 1687இல்தான்.

வால்வசோர் தந்த விளக்கம் என்ன? யாவோர்னிகி மலைக்கு அடியில் பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றையும் ஏரியையும் வளைந்த குழாய்கள் போன்ற பொந்துகள் இணைக்கின்றன. நீர்மட்டம் வளைவின் உச்சியைத் தாண்டியதும் சைபன் வேலை செய்யத் தொடங்குகிறது என்றார். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கும் அதே சைபன்தான். திடீரென நிரம்புவதற்கும் திடீரென வடிவதற்கும் இதைவிட அழகான விளக்கம் கிடைக்குமா?

அழகான விளக்கம்தான், ஆனால் தவறானது.

என் மாணவர்களிடம் இந்த ஏரியைப் பற்றிச் சொல்லிக் காரணம் கேட்டால், பாதிப் பேர் உடனே சைபன் என்கிறார்கள். எனவே வால்வசோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உண்மையான விடை உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. அடியில் உள்ள துளையைத் திறந்துவிட்டு, மேலே குழாயையும் திறந்துவையுங்கள். வரும் நீர் போகும் நீரைவிட மிகுதியானால் மட்டம் ஏறும், குறைந்தால் இறங்கும். மழை நாளில் சுற்றியுள்ள மலைகளின் ஊற்றுகள் கொட்டுகின்றன; அடியிலுள்ள வழிகளோ குறுகலானவை. ஆகவே தண்ணீர் தேங்குகிறது. 1781இல் தோபியாஸ் குரூபர் இந்த வரவு செலவுக் கணக்கைக் கொண்டே ஏரியை விளக்கினார். சைபனுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஒரே குழி ஒருநாள் நீரைக் கக்குவதும் மற்றொரு நாள் விழுங்குவதும் ஏன்? பாறைக்குள் இருக்கும் நீர்மட்டம் ஏரித்தரையைவிட உயர்ந்தால் அழுத்தம் நீரை மேலே தள்ளுகிறது. தாழ்ந்தால் நீர் கீழே இறங்குகிறது. அவ்வளவுதான்.

அந்தப் பொந்துகள் உண்டானது சுண்ணாம்புப் பாறையின் குணத்தால். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படியே நடந்தால் வெடிப்பு குகையாகிவிடும். ஏரித்தரையில் உள்ள குழிகளில் ஒன்றுக்கு ரெஷெத்தோ, அதாவது சல்லடை, என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் வைத்தவர் இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை!

கரையில் வாழ்பவர்களுக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. வெள்ளம் நீடித்தால் புல் அழுகும். ஏரி வறண்டால் குட்டைகளில் சிக்கிய மீன்கள் சாகும். ஒரு காலத்தில், நீர் விரைவாக வடிந்து நிலம் கிடைக்கட்டும் என்று குழிகளைத் துப்புரவு செய்தார்கள். பிறகு நேர்மாறான எண்ணம் வந்தது. 1960களின் இறுதியில், நீர் புகும் கார்லோவிட்சா குகைகளின் வாயில் கான்கிரீட் சுவர் எழுப்பி, ஏரியை நிரந்தரமாக்கப் பார்த்தார்கள். சல்லடையில் இரண்டு துளைகளை அடைத்தால் தண்ணீர் நிற்குமா? ஏரி முன்போலவே வறண்டது.

வால்வசோரின் கதை சோகமானது. 1689இல் கார்னியோலாவைப் பற்றி நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அந்தக் கடனிலேயே மூழ்கினார். நூலகத்தை விற்றார், கோட்டையையும் விற்றார், 1693இல் காலமானார். அவருடைய சைபன்களை இன்று எவரும் நம்புவதில்லை. ஆனால் ஏரியின் பழைய நடத்தையை ஆராய வேண்டுமானால் இன்றும் அவருடைய குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள். ராயல் சொசைட்டி ஏமாந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

சைக்கிளை மறுபடி எடுங்கள். வடமேற்கே காட்டுப் பாதையில் சென்றால் ராக்கோவ் ஷ்கோட்சியான் பள்ளத்தாக்கு. கார்லோவிட்சாவில் மறைந்த நீர் இங்கே ராக் என்ற ஆறாகத் தலைகாட்டி, இயற்கை அமைத்த கல்பாலங்களின் கீழ் ஓடி, மீண்டும் குகைக்குள் நுழைகிறது. அடுத்த சமவெளியில் ஊனிட்சா என்ற பெயரோடு வெளிவந்து மறுபடியும் மறைகிறது. கடைசியில் வர்ஹ்னிகா என்ற ஊரில் லியுப்லியானிட்சாவாகப் பொங்கி எழுகிறது. நீங்கள் காலையில் ரயிலேறிய நகரின் பாலங்களுக்கு அடியில் ஓடியது அந்த ஆறுதான்.