முதுகு காட்டிய வீரர்

புறமுதுகு காட்டியவனை வீரன் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் துடுப்புப் படகுப் பந்தயத்தில் முதுகைக் காட்டாமல் வெற்றி பெற வழியே கிடையாது. எல்லைக் கோடு முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கடந்து வந்த தண்ணீர்தான்.

இந்த விசித்திர வீரத்தில் பெயர் பெற்றவர், டென்மார்க் தேசத்து எஸ்கில் எப்பெசன். 1972-ல், ஏரிகள் சூழ்ந்த ஸில்கபோர்க் என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய பந்தயத்தில் ஒரு படகுக்கு நான்கு பேர். ஆளுக்கு ஒரு துடுப்பு. சுக்கான் பிடிக்கத் தனி ஆள் கிடையாது. தூரம் 2,000 மீட்டர். ஒருவரும் 72.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது; நால்வரின் சராசரி 70 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆக, துடுப்பை மட்டுமல்ல, பசியையும் அடக்கி ஆள வேண்டும்!

1996-ல் அட்லாண்டாவில் இந்தப் பந்தயம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. டென்மார்க் தங்கம் வென்றது. 2000-ல் ஸிட்னியில் வெண்கலம். 2004-ல் ஏதன்ஸிலும் 2008-ல் பீஜிங்கிலும் மறுபடி தங்கம். இடையிடையே ஆறு முறை உலகப் பட்டம் வேறு. 'தங்க நால்வர்' என்று அந்த நாட்டு ஜனங்கள் இவர்களைக் கொண்டாடினார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, இதில் எப்பெசனைக் கதாநாயகனாக்கி விட ஆசைதான். ஆனால் கணக்குப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. ஐந்து ஒலிம்பிக்குகளில் அவரோடு படகில் அமர்ந்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் கை ஒரு கணம் பிந்தினாலும் படகு தடுமாறும். அந்தப் பதினொருவரில் எத்தனை பேரை உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது? புகழ் என்பது பெரும்பாலும் கடைசி வரை இருந்தவனுடைய வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

கடைசி வரை இருப்பது மட்டும் எளிதா என்ன? 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கின்போது அவருக்கு வயது நாற்பது. தென்னாப்பிரிக்கப் படகு முந்தியது, பிரிட்டன் இரண்டாவது, டென்மார்க் மூன்றாவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அரை விநாடிகூட இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய எனக்கு, அவருடைய மூன்று தங்கங்களைவிட அந்த வெண்கலத்தின் மேல்தான் மதிப்பு அதிகம்.

2016-ல் ரியோ ஒலிம்பிக்கோடு அந்தப் பந்தயத்தையே பட்டியலிலிருந்து எடுத்து விட்டார்கள். இனி அதில் அவரை வெல்ல ஒலிம்பிக்கில் யாருக்கும் வாய்ப்பில்லை. போட்டியாளனே இல்லாத புகழ் இனிக்குமா, கசக்குமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடந்து வந்த தண்ணீரைப் பார்த்தபடியே முன்னேறிப் பழகியவருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்.