பாண்டுங் மகாநாட்டில் எழுந்த பூசல்

1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18ஆந் திகதி, யாவாத் தீவின் மேற்குப் பகுதியில் மலைகள் சூழ்ந்து கிடக்கும் பாண்டுங் நகரிலே, ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்த 29 நாடுகளின் பிரதிநிதிகள் ஒரு மண்டபத்திற் கூடினர். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவர்தம் கேளிக்கைக் கழகமாயிருந்த கட்டடம் அது. அப்பொழுது சுதந்திர மண்டபம் என்னும் புதுப் பெயர் பூண்டு நின்றது. நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த மக்கள், ஆண்டவரின் களியாட்டக் கூடத்திலே அமர்ந்து உலக விவகாரங்களை ஆராயத் தொடங்கினர். இந்தோனேசிய சனாதிபதி சுகர்ணோ தொடக்கவுரை ஆற்றினார்.

இம்மகாநாட்டின் வித்து கொழும்பிலே ஊன்றப்பட்டது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், இலங்கைப் பிரதம மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலையின் அழைப்பை ஏற்று, இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடியபொழுது, ஆசிய ஆபிரிக்க நாடுகள் அனைத்தையும் ஒருங்கு கூட்டவேண்டுமென்ற யோசனையை இந்தோனேசியப் பிரதமர் அலி சாஸ்திரோஅமிஜோயோ முன்வைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் போகோர் நகரில் அந்த ஐவரும் மீண்டும் கூடி முடிவு செய்தனர். பொதுவுடைமைச் சீனாவையும் அழைப்பதென்பது அம்முடிவுகளுள் முக்கியமானது.

வந்தவர்கள் யாவரும் ஒரே மனத்தினராய் வந்தாரல்லர். துருக்கி வட அத்திலாந்திக் ஒப்பந்தத்தில் அங்கம் வகித்தது. பாக்கிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகியவை 1954இல் மணிலாவிற் செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையிற் சேர்ந்திருந்தன. இந்தியாவும் பர்மாவும் எப்பக்கமுஞ் சாராத கொள்கையைக் கைக்கொண்டன. சீனாவோ சோவியத்து யூனியனின் நட்பு நாடு. தைவான் நீரிணையிலே அமெரிக்காவுடன் போர் மூளுமோ என்று உலகம் அஞ்சிய காலம் அது. மகாநாட்டிற்கு ஒரு வாரத்திற்கு முன், ஏப்ரல் 11ஆந் திகதி, சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்தோரையும் பத்திரிகையாளரையும் ஏற்றிக்கொண்டு ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் குண்டு வெடித்துக் கடலில் வீழ்ந்தது. சீனப் பிரதமர் சூ என்-லாய் அதில் பயணஞ் செய்யாமையால் உயிர் பிழைத்தார்.

மகாநாட்டின் முதலிரு நாட்களிலேயே, ஈராக்கின் பிரதிநிதி பாதில் ஜமாலி முதலானோர் பொதுவுடைமையைக் கடுமையாகத் தாக்கினர். அதற்குச் சூ என்-லாய் சினந்து விடையிறுப்பார் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவர் ஆயத்தஞ் செய்து வந்த உரையை அச்சுப் பிரதியாக வழங்கிவிட்டு, வேறொரு சிறு உரையை நிகழ்த்தினார். சீனத் தூதுக்குழு ஒற்றுமையை நாடியே வந்தது, பூசலை நாடி வரவில்லை என்பதும், வேற்றுமைகளை ஒருபுறம் வைத்துப் பொதுவானவற்றைத் தேடுவோம் என்பதும் அவ்வுரையின் சாரம். சபையில் நிலவிய இறுக்கம் ஓரளவு தளர்ந்தது.

ஆயினும் 21ஆந் திகதி பிற்பகல் அரசியற் குழுவிலே நிலைமை மாறியது. குடியேற்ற நாட்டாதிக்கம் பற்றிய விவாதத்தில் எழுந்து பேசிய கொத்தலாவலை, மேல்நாட்டு வல்லரசுகளின் ஆதிக்கத்தைக் கண்டிப்பதுடன் அமையவில்லை. ஹங்கேரி, றுமேனியா, பல்கேரியா, அல்பேனியா, செக்கோசிலோவாக்கியா, லத்வியா, லித்துவேனியா, எஸ்தோனியா, போலந்து என ஒவ்வொன்றாய்ப் பெயர் கூறி, இவையும் ஆசிய ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளைப் போன்றவையே அல்லவா என்று வினவினார். மேற்கின் ஏகாதிபத்தியத்தைக் கண்டிப்போர் சோவியத்து ஆதிக்கத்தையும் கண்டிக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் வாதம்.

சபை திகைத்தது. கூட்டம் கலைந்த வேளையிற் சூ என்-லாய் அவரை நேரிற் கண்டு, மகாநாட்டைக் குலைப்பதுதான் எண்ணமோ என்று கேட்டார். பண்டித நேருவும் சினங்கொண்டார். பேசுமுன் அவ்வுரையைத் தமக்கு ஏன் காட்டவில்லை என்று வினவினார். தாம் ஏன் காட்டவேண்டும், நேரு தமது உரைகளை முன்கூட்டியே தமக்குக் காட்டுவதுண்டோ என்று கொத்தலாவலை திருப்பிக் கேட்டார். இவற்றை அவரே 1956இல் வெளியான தம் நினைவு நூலில் எழுதிவைத்துள்ளார்.

இவ்வாறு பேசிய நாட்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1952ஆம் ஆண்டு டிசம்பரிற் சீனாவுடன் செய்த உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசியைப் பெற்றுவந்த நாடு இலங்கை. அரிசி விலையேற்றத்தால் 1953இல் எழுந்த கிளர்ச்சி ஒரு பிரதமரைப் பதவி துறக்கச் செய்தது; அப்பதவிக்கு வந்தவரே கொத்தலாவலை. ஐக்கிய நாடுகள் தாபனத்தில் இலங்கை சேர்வதைச் சோவியத்து யூனியன் தன் தடுப்பு வாக்கினால் மறித்து வைத்திருந்தது. உணவுக்கு ஒருவரையும் உலக சபையில் இடம்பெற மற்றொருவரையும் எதிர்நோக்கி நின்ற சிறிய நாடு, அவ்விருவருக்கும் உவப்பில்லாததைச் சொல்லியது. அதனை நெஞ்சுரம் என்பாரும் உளர். மேல்நாட்டாரை மகிழ்விக்கச் சொன்ன சொல் என்பாரும் உளர். அயலார் விடுதலைக்காக வாதாடியவரின் சொந்த நாட்டிலே தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைப் பிரச்சினை தீராது கிடந்தது என்பதையும் மறத்தலாகாது. 1954 சனவரியில் நேருவும் அவரும் செய்த உடன்படிக்கை அதற்கு முடிவு காணவில்லை.

மறுநாள் சூ என்-லாய் நிதானமாகவே பேசினார். கொத்தலாவலையின் கருத்தைத் தம்மால் ஏற்க இயலாது என்றாரே தவிர, பூசலை வளர்க்கவில்லை. கொத்தலாவலையும் சபையைப் பிளப்பது தம் நோக்கமன்று என்றார். ஆனால் கிளம்பிய கேள்வி அடங்கவில்லை. பாக்கிஸ்தான், துருக்கி, ஈராக் முதலிய நாடுகள் ஊடுருவலும் நாசவேலையும் கொண்டு பரவும் ஆதிக்கத்தையும் கண்டிக்கவேண்டுமென வற்புறுத்தின. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் இறைமையுள்ளவை. அவற்றைக் குடியேற்ற நாடுகள் என்றல் தகாது என்று நேரு மறுத்தார். வாக்கெடுப்பினால் எதனையும் தீர்ப்பதில்லை, யாவரும் உடன்படுவதே முடிவு என்பது மகாநாட்டின் விதி. ஆகவே யாவரும் கையொப்பமிடத்தக்க ஒரு வாக்கியத்தைத் தேடும் பொறுப்பு ஓர் உபகுழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

24ஆந் திகதி வெளியான அறிக்கையில் அவ்வாக்கியம் இடம்பெற்றது. குடியேற்ற நாட்டாதிக்கம் அதன் எல்லாத் தோற்றங்களிலும் ஒரு தீமை. அது விரைவில் முடிவுக்குக் கொண்டுவரப்படல் வேண்டும் என்பதே அது. எல்லாத் தோற்றங்களிலும் என்ற சொற்களில் சோவியத்து ஆதிக்கமும் அடங்கும் என்று கொத்தலாவலையின் பக்கத்தார் பொருள் கொண்டனர். அடங்காது என்று சீனர் பொருள் கொண்டனர். இதனை மழுப்பல் எனலாம். எனினும் அச்சொற்கள் இன்றேல் பொது அறிக்கையும், அதிலடங்கிய சமாதான வாழ்வுக்குரிய பத்துக் கொள்கைகளும் பிறந்திரா. முன்னாள், 23ஆந் திகதி, சூ என்-லாய் அமெரிக்காவுடன் நேரிற் பேசச் சீனா ஆயத்தம் என அறிவித்தார். ஆகஸ்டு முதலாந் திகதி இரு நாட்டுத் தூதுவர்களும் ஜெனீவாவிற் பேசத் தொடங்கினர். கூட்டம் குலைந்திருந்தால் அவ்வறிவிப்புக்கு அங்கே களமிராது.

பின்னர் நடந்தவை விசித்திரமானவை. 1955 டிசம்பர் 14ஆந் திகதி 16 நாடுகள் ஒருங்கே ஐக்கிய நாடுகள் தாபனத்திற் சேர்க்கப்பட்டன. மேற்குத் தரப்பும் சோவியத்துத் தரப்பும் செய்துகொண்ட விட்டுக்கொடுப்பின் விளைவு அது. அந்நாளில் இலங்கையுடன் ஒரே வாயிலால் உட்புகுந்தவற்றுள், கொத்தலாவலை பாண்டுங்கிற் பெயர் சுட்டிய ஹங்கேரி, றுமேனியா, பல்கேரியா, அல்பேனியா ஆகிய நான்கும் அடங்கும். 1956 ஏப்ரலில் அவர் தேர்தலில் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பரிலே சோவியத்துத் தாங்கிகள் புடாபெஸ்ட் நகரிற் புகுந்து ஹங்கேரிய மக்களின் கிளர்ச்சியை நசுக்கியபொழுது, அவர் எழுப்பிய கேள்வி உலகின் செவியில் மீண்டும் ஒலித்தது. அவர் பெயர் கூறிய மூன்று போல்டிக் நாடுகளும் 1991இல் சுதந்திரத்தை மீளப் பெற்றன. அதனைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை, 1980இல் மறைந்துவிட்டார்.

பாண்டுங் மகாநாடு ஒற்றுமையின் திருவிழாவாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அந்த 21ஆந் திகதி மாலையை நீக்கிப் பார்த்தால் அவ்வொற்றுமையின் விலை விளங்காது. சிறிய நாடொன்று பெரியவரின் அனுமதி பெறாது வாய்திறந்தது. பெரிய நாடொன்று சினத்தை அடக்கிக்கொண்டது. இருவரும் மேசையை விட்டு எழாதிருந்தனர். சபை நிலைத்தது இவற்றாலேயே ஆம்.