ஐஸ் ஹவுஸும் அவ்வை இல்லமும்

மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேணும்னு கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். ராஜா ராணி கதையெல்லாம் எழுதத் தெரியாது. எங்க குழுவில் நடந்த ஒரு விசயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவங்களும் போயிட்டாங்க. வங்கியில் நாமினி பாரம் நிரப்பும்போது, "ரத்த சொந்தம் யாராவது பேர் சொல்லும்மா" என்று கேட்டாங்க. அக்கா முகம் சுண்டிப் போச்சு. பாரத்தை மடிச்சு வச்சுக்கிட்டு அப்படியே திரும்பி வந்துட்டோம்.

சொந்தம் இல்லாத பொம்பளைக்கு இந்த நாட்டில் யார் இடம் கொடுத்தாங்க? தேடிப் பார்த்தப்ப இரண்டு பேர் கிடைச்சாங்க. இரண்டு பேரும் பிறந்தது ஒரே வருசம், 1886.

ஒருத்தர் சகோதரி சுப்புலட்சுமி. சின்னப் பிள்ளையிலேயே கல்யாணம். பதினோரு வயசில் விதவை. நம்ம வீட்டில் அந்த வயசுப் பிள்ளை ஆறாம் வகுப்புப் படிக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஆன பிள்ளைக்குத் தலையை மழிச்சு, வெள்ளைச் சேலை கட்டி, மூலையில் உட்கார வச்சிருவாங்க. பெத்த அப்பா அம்மாவே செய்வாங்க. ரத்த சொந்தம் என்றால் இதுவும் சேர்த்துத்தான். சுப்புலட்சுமி வீட்டில் அப்படிச் செய்யலை, படிக்க வச்சாங்க. 1911-ல் பி.ஏ. முடிச்சாங்க. சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று அவங்களைச் சொல்றாங்க.

படிச்சதும் வேலைக்குப் போய் நிம்மதியா இருந்திருக்கலாம். ஆனால் தன்னைப் போன்ற நாலு விதவைப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்து படிக்க வச்சாங்க. அவங்க சித்தி வாலாம்பாளும் இளம் விதவைதான். அவங்கதான் கூட இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டாங்க. பிள்ளைகள் கூடக் கூட வீடு பத்தலை. கடைசியில் மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கிற ஐஸ் ஹவுஸ் கிடைச்சது. 1842-ல் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைப் போட்டு வைக்கக் கட்டியது அது. அங்கே இருந்து படிச்ச விதவைப் பெண்கள் டீச்சராகிச் சம்பளம் வாங்கினாங்க.

ஒன்று மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பலை. அந்த ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை. காலம் அப்படி என்று சொல்லலாம். ஆனால் வெளியே நின்ற பிள்ளைக்கு அது பதிலாகுமா?

அந்தப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தவங்க இரண்டாமவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டைக்காரங்க. அவங்க அம்மா தேவதாசி குலத்தில் பிறந்தவங்க. அந்தக் கல்யாணத்துக்காக அப்பாவை அவர் குடும்பமே ஒதுக்கி வச்சது. முத்துலட்சுமி டாக்டராகி, சட்டசபைக்கும் போய், கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தணும் என்று போராடினாங்க. 1930-ல் அந்த வழக்கத்தில் இருந்து தப்பிச்ச சில பெண்கள் அவங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. விடுதிகளில் கேட்டால் சேர்க்க மாட்டேன்னுட்டாங்க. சரி, என் வீட்டிலேயே இருங்க என்று வச்சுக்கிட்டாங்க. அதில் இருந்து வந்ததுதான் அவ்வை இல்லம். சாதி, மதம் எதுவும் கேட்கலை. பின்னால் அடையாறில் பெரிசா வளர்ந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. சட்டம் வரும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறும் படுக்க இடமும் வேணுமே, அதை ஒரு வீடுதான் கொடுத்தது.

நம்ம ஊர்ப் பக்கம் குழு வந்தது ரொம்பப் பின்னாடி. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் ஆரம்பிச்சாங்க. ஒரு வீட்டில் இருந்து ஒருத்தர்தான் ஒரு குழுவில் சேரலாம் என்று நமக்கு விதி சொல்லித் தந்தாங்க இல்லையா? அப்போ மாமியார், நாத்தனார், ஓரகத்தி யாரும் கூட வர முடியாதே என்று எனக்குக் கோபமா வந்தது. இப்போ யோசிச்சால், சொந்தம் இல்லாத பன்னிரண்டு பேரை ஒரே பாயில் உட்கார வச்சதே அந்த விதிதான்.

அக்கா கதைக்கு வர்றேன். மறுபடி அந்தப் பாரத்தை எடுத்து நிதானமாப் படிச்சேன். உறவுமுறை என்ற இடத்தில் "இருந்தால்" என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டிருந்தது. இல்லாட்டியும் பரவாயில்லை, யார் பேரையும் எழுதலாம். இது தெரியாமல் எத்தனை பேர் பாரத்தை மடிச்சு வச்சிருக்காங்களோ! உங்க குழுவில் தனியா இருக்கிற அக்கா யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்க.

அக்கா, எதிர் வீட்டுப் பெண் பேரைச் சொன்னாங்க. காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கூடப் படுத்திருந்தவள் அவள். நம்ம குழுவில் அவளும் உறுப்பினர்தான். உறவுமுறைக் கட்டத்தைக் காலியா விட்டுடலாமா அக்கா என்று கேட்டேன்.

"ஏன் காலியா விடணும்? எங்க குழுன்னு எழுது" என்றாங்க. எழுதினேன்.