நண்பகலின் இருபுறமும்

ஆங்கிலத்தில் மணியுடன் ஒட்டிவரும் ‘ஏ.எம்.’, ‘பி.எம்.’ என்பன, நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் எனப் பொருள்படும் ‘ஆன்ட்டே மெரிடியம்’, ‘போஸ்ட் மெரிடியம்’ என்ற இலத்தீன் தொடர்களின் சுருக்கங்களாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் உரோமில் தொகுக்கப்பட்ட ‘பன்னிரு பலகைகள்’ என்னும் சட்டத்திலேயே இத்தொடர்கள் இடம்பெறுகின்றன; முற்பகலில் இரு தரப்பினரும் வழக்குரைக்க வேண்டும் என்றும், நண்பகல் கடந்தும் ஒருவர் வாராவிடில் வந்திருப்பவர் பக்கமே தீர்ப்பாகும் என்றும் அச்சட்டம் விதித்தது. உரோமுக்குச் சூரியக் கடிகாரமே கி.மு. 3ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்பதை நோக்க, இப்பாகுபாடு கருவியில் தோன்றாமல் வழக்குமன்றத்தின் தேவையில் வேரூன்றியது என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. கதிரவன் உச்சியை அடையும் கணம் முன்னுமன்று, பின்னுமன்று ஆதலால், பகல் 12 மணிக்கு இவ்விரண்டும் பொருந்துவதில்லை. அமெரிக்க அரசின் அச்சுநடைக் கையேடு நண்பகலை முன்னர் ‘12 ஏ.எம்.’ என்று குறித்து, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘12 பி.எம்.’ என மாற்றிக்கொண்டது.