ஒரத்தநாட்டில் இரண்டு ராத்திரி

பேரப் பிள்ளைகளின் விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்ட நண்பர்களிடம் "ஒரத்தநாடு" என்றேன். "அங்கே என்ன சார் விசேஷம், கல்யாணமா?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் பஸ்ஸில் பாதி வழியில் வரும் ஊர் அது. பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும், சிலர் இறங்குவார்கள், சிலர் ஏறுவார்கள், கண்டக்டர் விசில் கொடுப்பார். நம்மில் பலருக்கு ஒரத்தநாடு என்றால் அவ்வளவுதான்.

நாங்கள் புறப்பட்டது ராமேஸ்வரத்துக்கு. காலையில் தஞ்சாவூரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ராமேஸ்வரம் என்று மகன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். "அந்தக் காலத்தில் நடந்து போனவர்கள் முதல் ராத்திரி எங்கே படுத்தார்களோ அங்கே நாமும் படுத்து எழுந்து போகலாமேப்பா" என்றேன். மருமகள் உடனே சரி என்றாள். அவளுக்கு அலைச்சல் பிடிக்காது. ஒரு ராத்திரி என்று ஆரம்பித்தது இரண்டு ராத்திரி ஆயிற்று.

நடைப் பயணத்தின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு சுமார் 24 கிலோமீட்டர். அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறக்குறைய அவ்வளவே. மாட்டு வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் நடப்பவர்களின் வேகமும் அதுதான். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் சாயும் நேரத்துக்கு ஒரத்தநாடு. மறுநாள் பட்டுக்கோட்டை. பிறகு கடலோரமாகச் சேதுபாவாசத்திரம், மீமிசல், தேவிபட்டினம் என்று நடந்து சேது. சாலையோர ஊர்கள் பல இப்படித்தான் உண்டாயின. மனிதனின் கால் எங்கே ஓய்ந்ததோ அங்கே ஒரு குளம், ஒரு சாவடி, ஒரு சத்திரம், அதைச் சுற்றி நாலு கடை.

ஒரத்தநாட்டுச் சத்திரம் சாதாரணச் சத்திரம் அல்ல. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802ஆம் ஆண்டு வாக்கில் கட்டியது. பெயர் முக்தாம்பாள் சத்திரம். அந்த இடத்துக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வைத்தார்கள். முக்தாம்பாள் மன்னரின் பிரியத்துக்கு உரியவர், ஆனால் பட்டத்து ராணிகளின் வரிசையில் இல்லாதவர். சாகும் தறுவாயில் தன் பெயரில் அன்னதானம் நடக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தஞ்சை மராட்டியர்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் பெயரில் சத்திரம் கட்டுவது வழக்கம். நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். அந்த ராணிகளின் வரிசையில் முக்தாம்பாளின் பெயரும் இடம் பிடித்தது சத்திரத்தின் வழியாகத்தான்.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் நடந்தே போய்ப் பார்த்தோம். முகப்பு மண்டபத்தைத் தேர் போல அமைத்திருக்கிறார்கள். கல்லில் சக்கரம், இழுத்துக்கொண்டு போவது போல யானையும் குதிரையும். பேரன் யானையின் தும்பிக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது கோயிலா?" என்று கேட்டான். "இல்லடா, சாப்பாட்டுக் கூடம்" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு எதற்குத் தேர் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 1799க்குப் போகவேண்டும். சரபோஜி 1798இல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை. அதன்படி தஞ்சாவூர் நாட்டின் ஆட்சியும் வரிவசூலும் கம்பெனிக்குப் போயின. ராஜாவுக்கு மிஞ்சியது தஞ்சாவூர்க் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும். செலவுக்கு வருஷம் ஒரு லட்சம் வராகன், அதோடு நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இருபத்திரண்டு வயதில், இன்றைய மொழியில் சொன்னால், பதவி உண்டு, அதிகாரம் இல்லை, பென்ஷன் உண்டு என்ற நிலை.

நிலமும் வரியும் கம்பெனி கைக்குப் போனபின் சத்திரங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. ஏனென்றால் சத்திரத்து உலையில் வெந்த அரிசி, அதற்கென்று விட்ட கிராமங்களின் விளைச்சலிலிருந்து வந்தது. அந்தக் கிராமங்களும் கணக்கில் சேர்ந்துபோனால் உலை அணைந்துவிடும். அப்போதுதான், 1801இல், தஞ்சாவூரில் இருந்த ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் முன்னோர் ஏற்படுத்திய சத்திரங்கள் தன் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்பது வேண்டுகோள். வேண்டுகோளுக்கு ஆதாரமாகச் சத்திரத்தில் தினசரி என்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதினார். நம் ஜில்லாவின் சரித்திரத்தில் இதற்கு ஈடான ஒரு காகிதம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதன் சாரம் இது. பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை, ஜோகிகள், ஜங்கமர்கள், பக்கிரிகள் உட்பட, வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுக்கப்படும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பால் உண்டு. வழியில் நோய் கண்டவர்களுக்கு மருந்தும் பத்தியமும் குணமாகும்வரை. விஷக்கடிக்கு வைத்தியர் உண்டு. தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்கவைப்பார்கள். சத்திரத்தில் உயிர் பிரிந்தவருக்கு அவரவர் முறைப்படி இறுதிக் காரியம் நடக்கும். பந்தி எல்லாம் முடிந்து நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள். அன்று இன்னும் சோறு கிடைக்காதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிக்கும் மணி அது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். எல்லோருக்கும் சோறு என்று அந்தக் கடிதம் சொல்கிறதே தவிர, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தின் வழக்கம் அந்தக் கூடத்துக்குள்ளும் இருந்திருக்கும். "ஏழை விவசாயியோட நெல்லுதானேப்பா, ராஜா பெயர் வாங்கிக்கிட்டாரு" என்று மகன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நெல் வேறு எங்கேயும் போகாமல் வழிப்போக்கன் இலைக்கு வரவேண்டும் என்று ஒருவர் எழுதிப் போராடினார் என்பதும் உண்மை. அதில் அவர் ஜெயித்தார். சத்திரங்கள் அவர் நிர்வாகத்தில் விடப்பட்டன. முக்தாம்பாள் சத்திரத்தில் பல மொழிகள் கற்றுக்கொடுக்கும் இலவசப் பள்ளியும் நடந்தது. சத்திரங்களின் வரவு செலவு மோடி எழுத்தில் எழுதி வைக்கப்பட்டது. அந்த ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது.

இப்போது பேரனின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். படை போய்விட்டது, வரி போய்விட்டது, நீதிமன்றம் போய்விட்டது. சொந்த நாட்டில் அந்த ராஜா தன் இஷ்டப்படி செய்வதற்கு மிஞ்சியிருந்தது, சாலையில் நடந்து வருபவனுக்குச் சோறு போடுவது ஒன்றுதான். அதைத்தான் தேர் கட்டிக் கொண்டாடினார். நம்மைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாற்காலி போனபின் நம்மிடம் மிஞ்சுவதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மறுநாள் காலை பருத்தியப்பர் கோயிலுக்குப் போனோம். இதே சாலையை ஒட்டிய ஊர், சம்பந்தர் பாடிய தலம், சூரியன் வழிபட்டதாகச் சொல்லும் கோயில். அவசரம் இல்லாததால் பேத்தி ஒவ்வொரு தூணாக எண்ணிக்கொண்டு வந்தாள். திரும்பும்போது புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1934இல் மேட்டூர் அணை வந்ததையொட்டி வந்த தண்ணீர் அது. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. அப்படிப்பட்ட பூமியில் கோடையில் நடந்து வந்தவனுக்குச் சத்திரத்துக் குளம் எப்படித் தெரிந்திருக்கும் என்று என் மனைவி கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. காரில் ஏசி போட்டுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்.

சத்திரத்தை ஓயவைத்தது ரயில். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை போட்டார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதன்பின் சேதுவுக்குப் போகிறவன் எதற்காக ஒரத்தநாட்டு வழியே நடக்கவேண்டும்? இதற்கிடையில் 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சாவூர் ராஜ்யமும் முடிந்துபோயிற்று. சத்திரங்கள் அரசாங்கத்திடம் போயின. நடுராத்திரி மணியின் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

ஆனால் அடியோடு வீணாகவில்லை. சத்திரத்துச் சொத்தின் வருமானம் படிப்பின் பக்கம் திரும்பியது. திருவையாற்று அரசர் கல்லூரி அப்படி வளர்ந்ததுதான். அங்கே தமிழ் படித்து வந்த புலவர்கள் எத்தனையோ பள்ளிகளில் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஒரத்தநாட்டுச் சத்திரம் பல காலம் மாணவர் விடுதியாக இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பையன்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து அங்கே தங்கிப் படித்தார்கள். வழிப்போக்கர்கள் மாறினார்களே தவிர, வெளியூர்ப் பிள்ளைக்கு அங்கே சோறு கிடைப்பது அப்போதும் நிற்கவில்லை. சத்திர நிர்வாகத்துக்கென்று தஞ்சாவூரில் ஓர் அலுவலகமும் உண்டு.

இரண்டாம் ராத்திரி சாப்பிட்டுவிட்டு லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பட்டுக்கோட்டை பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. ராமேஸ்வரத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் மகன் கைப்பேசியில் பட்டியல் போட்டு வைத்திருந்தான். அதைத் திறக்கவே இல்லை. மணிக்கதையைக் கேட்டதிலிருந்து பேத்திக்கு ஒரே யோசனை. "மணி அடிக்கிறவரு எப்போ சாப்பிடுவாரு தாத்தா?" என்றாள். கடைசி ஆளும் சாப்பிட்டபின் என்றேன். "அப்போ அவரு தினம் லேட்டாத்தான் தூங்கியிருப்பாரு, பாவம்" என்றாள். கடிதத்தை இத்தனை வருஷமாக அறிந்திருந்தும் அந்த ஆளைப் பற்றி நான் நினைத்ததில்லை.

அடுத்த முறை பட்டுக்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் ஒரத்தநாட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அடுத்த பஸ் வரும். முக்தாம்பாள்புரம் என்ற பெயர் இன்று பேச்சு வழக்கில் தேய்ந்துவிட்டது. ஊருக்கு ஒரத்தநாடு என்ற பழைய பெயரே நிலைத்தது, அதில் தப்பில்லை. சத்திரத்தின் பெயரையாவது, கூட வரும் பிள்ளைகளிடம் முழுசாகச் சொல்லிக் காட்டுங்கள். பட்டத்து ராணியாக இல்லாத ஒரு பெண்ணின் பெயர் இருநூறு வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது. சோறு போட்ட இடம் என்பதால் நின்றிருக்கிறது.